வெள்ளிக்கிழமைக் கோழி

என்னைக் கடைசியாகப் பொம்பிளை பார்க்க வந்தவர்கள் கனடாச் சாப்பாடு கேட்டார்கள்.

கேட்டது மாப்பிள்ளையின் அக்கா. கலியாணம் முடித்துக் கனடா போய் நாலைந்து வருடம் இருந்தவ. தம்பியாரும் அங்கேதான், ஏதோ கொம்பனியில் கணக்காளர். இரண்டு பேருமாக ஒரு மாத லீவில் வேலணைக்கு வந்திருந்தார்கள். தம்பிக்குப் பெண் எடுத்துக்கொண்டு திரும்புவதுதான் வந்த நோக்கம். எழுபதுகளின் கடைசிப் பகுதி அது. தீவுப்பகுதியில் கனடா மாப்பிள்ளை என்றால் அப்போது ஊரே திரும்பிப் பார்க்கும்.

எனக்கு இருபத்தொன்பது வயது. சரவணையில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். சாதகத்தில் செவ்வாய்க் குற்றம். வந்த சம்பந்தங்கள் எல்லாம் சாதகத்தோடு திரும்பிப் போயின. எனக்குப் பின்னால் தங்கச்சி காத்திருந்தாள். அவள் வாயால் ஒன்றும் சொல்லமாட்டாள். ஆனால் யாராவது தரகர் படலை திறக்கும் சத்தம் கேட்டால் என்னை ஒரு பார்வை பார்ப்பாள். கெதியாப் போய்த் தொலை என்பதுபோல இருக்கும்.

இந்தச் சாதகம் பொருந்தியது. அம்மா மூன்று கோயிலுக்கு நேர்த்தி வைத்தா. பிறகுதான் அக்கா ஒரு காலைப்பொழுது தனியாக எங்கள் வீட்டுக்கு வந்தா. காரில் வந்து இறங்கி, விறாந்தைக் கதிரையில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு இருந்து, என்னை முன்னால் கூப்பிட்டா.

"நீர் இங்கிலிஷ் கதைப்பீரோ?"

"கொஞ்சம் கதைப்பன் அக்கா."

"சமையல்?"

"எல்லாம் சமைப்பன்."

"எல்லாம் எண்டால்? கத்தரிக்காய்க் குழம்பும் கீரையும் தானே." அவ சிரித்தா. "தம்பியின்ரை மேலதிகாரியும் மனிசியும் வீட்டை சாப்பிட வருவினம். அவைக்கு ஒண்டொண்டாக் கொண்டுவந்து வைக்கோணும். முதல் சூப். பிறகு சலாட். பிறகு இறைச்சி. அதுக்குப் பிறகு இனிப்பு. நான் முதன்முதல் செய்த நாள் ஒருத்தரும் வாயிலை வைக்கேல்லை. என்ரை மனிசன் அவைக்கு முன்னாலையே ஏசினவர். அப்பிடி என்ரை தம்பிக்கு வரக்கூடாது. ஒருக்கா எங்களுக்குச் சமைச்சுக் காட்டும்."

கதவுக்குப் பின்னால் நின்ற அம்மா வெளியே வந்தா.

"நாங்கள் சைவம், தங்கச்சி. இந்த வீட்டிலை முட்டைகூட உடைச்சதில்லை."

"நாங்களும் சைவம்தான் மாமி. அங்கை குளிருக்குச் சைவம் நிண்டுபிடிக்காது. கோழி ஒண்டு முழுசா வாட்டினால் காணும். வான்கோழிதான் முறை, இஞ்சை எங்கை எடுக்கிறது."

"கோழியோ?"

"ஓம். இந்த வீட்டிலேயே, இவவின்ரை கையாலேயே சமைக்கோணும். வெளியிலை செய்விச்சுக் கொண்டுவந்தால் எனக்கு ருசியிலேயே தெரியும். வாற வெள்ளிக்கிழமை பின்னேரம் வாறம்."

"வெள்ளிக்கிழமையோ!" என்றா அம்மா.

"வெள்ளிதான் எங்களுக்கு வசதி. அங்கை வெள்ளி சனி எண்டு பாக்கேலாது மாமி." போகும்போது கைப்பையிலிருந்து ஒரு சின்னப் போத்தலை எடுத்து என்னிடம் தந்தா. அங்கே ஏதோ மரத்தில் வடிகிற பாணியாம். இனிப்பின்மேல் ஊற்ற வேண்டுமாம்.

அம்மா மறுத்துச் சொல்லியனுப்பச் சொல்லி அழுதா. ஐயாதான் தீர்ப்புச் சொன்னார். ஐயாவைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் கோயில் சபையில் அவர் பெரிய ஆள். கொழும்புக்கு ரயிலில் போனால் ஸ்ரேசன் தண்ணீர்கூடக் குடிக்காதவர். அவர் வேண்டாம் என்றுதான் சொல்வார் என்று நானும் நினைத்தேன். அவர் சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, என்னைப் பார்க்காமல், அம்மாவைப் பார்த்துச் சொன்னார்.

"இவளை இன்னும் எத்தினை வருசம் வைச்சுப் பாக்கிறது? சமைக்கட்டும். பிறகு குசினியைக் கழுவலாம்."

ஊர்காவற்றுறையில் எனக்கு ஒரு சினேகிதி இருந்தாள். என்னோடு ஆசிரியப் பயிற்சி எடுத்தவள். கடற்தொழில் செய்யும் கத்தோலிக்கக் குடும்பம். நத்தாருக்கும் பெருநாளுக்கும் அவர்கள் வீட்டில் கோழி வாட்டுவார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் பஸ் பிடித்து அவளிடம் போய்ப் பழகினேன். பெரிய சட்டிக்குள் மணல் பரப்பி, அதன்மேல் தட்டை வைத்து, மூடிக்கு மேலேயும் தணல் போடவேண்டும். இனிப்புக்கு 'அப்பிள் பை' என்று ஒரு மாப்பணியாரம், அதற்கு மாவையும் பட்டரையும் விரல் நுனியால் உதிர்த்துப் பிசையவேண்டும். அப்பிளுக்கு எங்கே போவது? செங்காய் மாங்காயைச் சீவி, சீனியும் கறுவாத்தூளும் போட்டு வைத்துப் பார்த்தோம். நன்றாக வந்தது. அவளுடைய தாய் என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தா.

"ஒரு மாப்பிளைக்காக இந்தப் பாடோ, பிள்ளை? நாங்கள் மீன் குழம்போடை கட்டிக் குடுத்திடுவம்."

நானும் சிரித்தேன். அந்த வீட்டில் எனக்குப் பயம் இருக்கவில்லை. சொல்லப்போனால் அந்த மாலைப்பொழுதுகள் எனக்குப் பிடித்திருந்தன.

வெள்ளிக்கிழமை விடிய அம்மா சாமி அறையில் இருந்த படங்கள் எல்லாவற்றையும் கழற்றினா. பட்டுத்துணியில் சுற்றி, வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த மாமி வீட்டுக்கு, ஐயாவின் தங்கச்சி அவ, ஒவ்வொன்றாகக் கொண்டுபோய் வைத்தா. "சாமியை வைச்சுக்கொண்டு பிணம் சுடேலாது" என்று எனக்குக் கேட்கச் சொன்னா. பிறகு மாட்டுக்கொட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பாயைப் போட்டுக்கொண்டு, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இருந்தா. அன்று முழுவதும் வீட்டுத் தண்ணீர்கூட அவ குடிக்கவில்லை.

சினேகிதி உரித்துத் துப்புரவாக்கிய கோழியை வாழையிலையில் சுற்றி, பன்பைக்குள் வைத்து, பஸ்ஸில் கொண்டுவந்து தந்தாள். கூடவே முள்ளுக்கரண்டிகளும் கத்திகளும். அவளை உள்ளே வரச் சொல்லி யாரும் கேட்கவில்லை. படலையடியில் தந்துவிட்டு, அடுத்த பஸ்ஸுக்கு நடந்தாள். ஐயா விறாந்தையில் இருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் வீட்டுக்குக் கோழி கொண்டுவந்தவளுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்கச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. எனக்கும் வாய் வரவில்லை.

சினேகிதி வீட்டில் அவளுடைய தாய்தான் கோழியைத் தொட்டா, நான் பார்த்துக்கொண்டு நின்றேன். இப்போது நான்தான் தொடவேண்டும். அது குளிர்ந்து, குளித்துவிட்டு ஈரத்தோடு நிற்கிற ஒரு குழந்தையின் தோலைப்போல இருந்தது. உள்ளே கையை விட்டுப் பாண் துண்டையும் வெங்காயத்தையும் அடைக்கவேண்டும். விட்டேன். கிணற்றடிக்கு ஓடிப்போய்ச் சத்தி எடுத்தேன். வாயைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்து மிச்சத்தையும் அடைத்தேன். தங்கச்சி குசினி வாசலைத் தாண்டவில்லை. கேட்ட சாமானை வாசலில் வைத்துவிட்டு விலகி நின்றாள்.

"எனக்கும் இப்பிடிக் கேட்டால் நான் மாட்டன்" என்றாள்.

"உனக்குக் கேக்காயினம். நீ வடிவு" என்றேன்.

பின்னேரமானபோது வீடு முழுக்க அந்த வாசனை. சொல்லக்கூடாது, பசி எடுக்கிற வாசனைதான். சூப் தயார். கரட், தக்காளி, கோழிக்கால் போட்டு வடித்தது. சலாட் தயார். உருளைக்கிழங்கை அவித்துப் பால் விட்டு மசித்திருந்தேன். கோழி பொன்னிறமாக வந்திருந்தது. மாங்காய்ப் பையின் மேல்மா கொஞ்சமும் கருகவில்லை. ஒருவர் உதவியும் இல்லாமல் செய்தேன் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. முகம் கழுவி, சேலை மாற்றி, பூ வைத்துக்கொண்டு நின்றேன்.

விளக்கு வைக்கிற நேரம் வந்தார்கள். கனடாவில் அந்த நேரம்தான் இராச்சாப்பாடாம். மாப்பிள்ளை, அக்கா, அவர்களுடைய தாய், தாய்மாமன் ஒருவர். தாய் வெள்ளைச் சேலையில், நெற்றி நிறைய விபூதியோடு வந்தா. மெல்லிய குரல். என் கன்னத்தைத் தொட்டு, "களைச்சுப்போனாய், பிள்ளை" என்றா. அந்த வார்த்தைக்கு எனக்குக் கண் கலங்கிப்போயிற்று. அன்றைக்கு முழுவதும் என்னிடம் அப்படி யாரும் சொல்லவில்லை.

மேசையில் இருக்கச் சொன்னோம்.

"இருக்கிறம். முதல் ஒருக்காச் சாமி கும்பிட்டிட்டு வாறன். வெள்ளிக்கிழமை எல்லே. சாமி அறை எது?"

ஐயா எழும்பினார். திரும்ப இருந்தார். அவ தானாகவே நடந்து போய் அறைக் கதவைத் தள்ளினா. உள்ளே விளக்கு இல்லை. படங்கள் இருந்த இடங்களில் சுவர் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது. அவ வாசலில் நின்று பார்த்தா. கும்பிடவில்லை. திரும்பி வந்து மேசையில் இருந்தா.

நான் சூப் கொண்டுவந்தேன். மாப்பிள்ளை நல்ல பெடியன் மாதிரித்தான் இருந்தார். சத்தம் வராமல் குடித்து, என்னைப் பார்த்து ஒரு சின்னச் சிரிப்புச் சிரித்தார். அக்கா கரண்டியை எந்தப் பக்கம் வைக்கவேண்டும் என்று ஒருதரம் திருத்தினா. கோழியை முழுசாகக் கொண்டுவந்து நடுவில் வைத்தபோது தாய்மாமன் வாயைத் திறந்துகொண்டு பார்த்தார். மாப்பிள்ளையே வெட்டினார். அக்கா இரண்டாம் முறையும் வாங்கினா. ஐயா, தன் மேசையில், தன் கண் முன்னால் கோழி எலும்பு குவிவதைப் பார்த்துக்கொண்டு, "வையுங்கோ, இன்னும் வையுங்கோ" என்று உபசரித்துக்கொண்டிருந்தார். பைக்குமேல் அந்த மரத்துப் பாணியை ஊற்றி வைத்தேன்.

தாயின் சாப்பாட்டுக் கோப்பையில் மட்டும் ஒன்றும் இல்லை. தண்ணீர் மட்டும் தன்னுடைய போத்தலில் கொண்டுவந்திருந்தா. நான் ஒவ்வொரு முறையும் கேட்டேன். ஒவ்வொரு முறையும் கையால் மறித்து, "நீ அவைக்கு வை, பிள்ளை" என்றா.

எல்லாரும் சாப்பிட்டு முடித்து, கை துடைத்த பிறகுதான் கதைத்தா. குரல் கொஞ்சமும் உயரவில்லை.

"ஐயா, குறை நினைக்காதேங்கோ. பிள்ளை கெட்டிக்காரி. ஆனால் நாங்கள் இதை விடுவம்."

ஐயாவுக்கு விளங்கவில்லை. "எதை?"

"இந்தச் சம்பந்தத்தை. சாமிப் படத்தைக் கழட்டி வைச்சிட்டு, வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கிற நேரம் கோழி சமைச்ச வீடு. நாளைக்கு என்ரை பேரப்பிள்ளையளை எப்பிடி வளப்பா இவ?"

"நீங்கள்தானே கேட்டனீங்கள்!" அம்மா மாட்டுக்கொட்டிலில் இருந்து எப்போது வந்தாவோ தெரியாது, வாசலில் நின்றா. "உங்கடை மகள்தானே வந்து சொன்னவ!"

எல்லாரும் அக்காவைப் பார்த்தோம். அவவின் உதட்டில் பாணி மினுங்கியது. தாயை ஒரு பார்வை பார்த்தா. முதலில் அவவுக்கும் இது புதிதுதான் என்று இப்போதும் நம்புகிறேன், முகம் அப்படித்தான் வெளிறியது. ஆனால் ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை.

"நான் சும்மா கதைக்குச் சொன்னனான்" என்றா. "அங்கை இப்பிடித்தான் சாப்பிடுவினம் எண்டு சொன்னனான். இவை உண்மையாச் சமைப்பினம் எண்டு ஆர் கண்டது?"

"வெள்ளிக்கிழமை எண்டும் நீங்கள்தான் சொன்னனீங்கள் அக்கா" என்றேன்.

"நான் 'வாறம்' எண்டுதான் சொன்னது. கோழி எண்டு சொல்லேல்லை."

தாய் என்னைப் பார்த்தா. அதே மெல்லிய குரல். "ஆர் கேட்டாலும் மாட்டன் எண்டு சொல்லுற பிள்ளைதான் எனக்கு வேணும். அதுக்குத்தான் பாத்தனான்."

நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். எனக்கு அப்போது எங்கிருந்து துணிவு வந்ததோ. "நீங்கள் என்ன சொல்லுறியள்?" என்று நேரே கேட்டேன்.

அவர் கைலேஞ்சியை மடித்தார். திரும்ப விரித்தார். "அம்மா சொன்னால் நான் என்ன செய்யிறது" என்றார். பிறகு, என்னவோ ஆறுதல் சொல்ல நினைத்திருக்கவேண்டும், "கோழி நல்லா இருந்தது" என்றார்.

அவர்கள் போனார்கள். அக்கா போகும்போது அந்தப் பாணிப் போத்தலில் மிச்சம் இருந்ததைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனா.

கொஞ்ச நாளில் உண்மை தெரிந்தது. மேசையில் வாயைத் திறந்துகொண்டிருந்த அந்தத் தாய்மாமனே கோயிலடியில் ஐயாவிடம் சொன்னாராம். பக்கத்தில் நின்ற யாரோ கேட்டு, மாமி வழியாக எங்களுக்கு வந்தது. சுருவிலில் ஒரு பெரிய இடத்துப் பெண்ணை அந்தத் தாய் ஏற்கனவே பேசி வைத்திருந்தாவாம். சாதகம் பொருந்தின எங்களை விலத்த ஒரு சாட்டு வேண்டியிருந்ததாம். பொம்பிளை வடிவில்லை என்று சொன்னால் பாவம் தங்களுக்கு வரும் என்று யோசித்தாவாம். மகள் கனடாச் சாப்பாட்டுக் கதையோடு வீடு திரும்பியபோது, அந்தச் சாட்டு அவவின் மடியில் தானாக வந்து விழுந்திருக்கிறது. அதைக் கேட்ட ஐயா அந்த மனிசனுக்கு என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து கை கால் கழுவிக்கொண்டு படுத்தார்.

ஊருக்கு உண்மை தேவைப்படவில்லை. "சாமியைத் துரத்திப்போட்டுக் கோழி சமைச்ச வீடு" என்ற கதை வேலணை, புங்குடுதீவு எல்லாம் போய் வந்தது. அடுத்த திருவிழாவுக்கு எங்கள் உபயத்தை "இந்த முறை விடுவம்" என்றார்கள். ஐயா சபையால் விலகினார். தங்கச்சிக்குப் பேசி வந்த ஒரு நல்ல இடம் நின்றுபோயிற்று. கடைசியில் வவுனியாவில், மனைவியை இழந்த ஒருவருக்குக் கட்டிக் கொடுத்தார்கள். மாலையும் கழுத்துமாகப் போகும்போது அவள் எல்லாரையும் கட்டிப்பிடித்து அழுதாள். எனக்குக் கிட்ட வரவில்லை.

அம்மா செய்ததுதான் எனக்குப் பெரிது. அன்றிரவே குசினிச் சட்டி பானை முழுவதையும் கிணற்றடிக் கல்லில் போட்டு உடைத்தா. ஐயர் வந்து புண்ணியாகவாசனம் செய்தார். படங்கள் திரும்பி வந்தன. குசினி சுத்தமாயிற்று. நான் சுத்தமாகவில்லை. என்னுடைய கோப்பையை வேறாக்கி வெளியே வைத்தா. நான் வைத்த உலையில் வடித்த சோற்றை அம்மா தொடமாட்டா. கிணற்றடியில் ஒரு கொட்டில் போட்டுத் தனக்கென்று ஓர் அடுப்பு வைத்துக்கொண்டா. ஐயா எந்த அடுப்பில் சாப்பிடுவார் என்று முதல் நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். சமைக்கச் சொன்னவர் அவர். அவர் சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கொட்டிலுக்கு நடந்தார்.

"செய்யச் சொன்னால் செய்யிறதோ? உனக்கு ரோசம் எங்கை போனது?" அம்மா அடிக்கடி கேட்பா. "கையை உள்ளை விட்டவள் எல்லே நீ."

எண்பதுகள் தொடங்கிய பிறகு ஐயா காலமானார். அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்தது. கதை கொஞ்சம் குழறினாலும் புத்தி தெளிவாக இருந்தது. நான் கொண்டுபோன கஞ்சிக்கு வாயைத் திறக்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கத்து மாமிதான் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்து பருக்கினா. ஒரு கிழமை போக மாமிக்கு அலுத்துவிட்டது.

"எனக்கும் வயசாகுது பிள்ளை. நீ காய்ச்சி வேலிப் பொட்டுக்குள்ளாலை தா. நான் படலையாலை சுத்திக் கொண்டுவந்து குடுக்கிறன். அவவுக்குத் தெரியவோ போகுது."

அப்படியே செய்தோம். என் அடுப்பில் காய்ச்சிய கஞ்சி வேலி ஓட்டைக்குள்ளால் போய், மாமியின் மூக்குப்பேணியில் ஊற்றப்பட்டு, ஒழுங்கையால் சுற்றி, முன்படலையால் எங்கள் வீட்டுக்கே வந்தது. அம்மா ஆவலாகக் குடித்தா. நான் அறைக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். மாதக்கணக்கில் நடந்தது.

ஒருநாள் குடித்து முடித்துவிட்டு அம்மா மாமியிடம் சொன்னா. "உம்முடைய கையிலை ஒரு ருசி இருக்கு மச்சாள். உப்பும் புளியும் எவ்வளவு அளவா. நானும் ஒண்டைப் பெத்து வைச்சிருக்கிறன். அவளுக்கு இப்பிடி ஒருநாளும் வராது."

மாமி என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினா, பேசாமல் இரு என்று. நான் உள்ளே போய்க் கட்டிலுக்குக் கிட்ட நின்றேன்.

"அம்மா, அது என்ரை கஞ்சி. இவ்வளவு நாளும் குடிச்சது என்ரை கஞ்சிதான்."

மாமி தலையில் கை வைத்தா. அம்மா என்னைப் பார்த்துக்கொண்டேயிருந்தா. பிறகு நல்ல கையைத் தூக்கி, இரண்டு விரலை வாய்க்குள் விட்டா. எச்சில்தான் வந்தது. திரும்பவும் விட்டா. கண்ணால் தண்ணீர் வழிந்தது. கஞ்சி வரவில்லை. நான் கையைப் பிடித்து எடுத்துவிடவில்லை. அவ களைத்துப்போய்த் தானாகக் கையை இறக்கும்வரைக்கும் நின்றேன்.

அடுத்தநாள் நானே பேணியோடு போனேன். பல்லை இறுக்கிக்கொண்டா. அதற்கு அடுத்தநாளும் அப்படித்தான். மாமி, தன்னால் இனி ஏலாது, இந்த வீட்டுப் பாவத்தில் தனக்குப் பங்கு வேண்டாம் என்று வருவதையே நிறுத்திக்கொண்டா. தங்கச்சிக்குத் தந்தி அடித்தேன். பிள்ளைக்குக் காய்ச்சல், வரமுடியாது என்று பதில் வந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம், நான் பேணியைக் கிட்டக் கொண்டுபோனபோது அம்மாவின் வாய் திறந்தது. பசிதான். என்னைப் பார்க்கவில்லை, கூரை ஓட்டைப் பார்த்துக்கொண்டு விழுங்கினா. கடைவாயால் வழிந்ததைத் துணியால் துடைத்துவிட்டேன், அவ்வளவு மெதுவாக அல்ல.

அதற்குப் பிறகு கண் மூடும்வரைக்கும் அம்மா என் கையால்தான் சாப்பிட்டா. நன்றாக இருக்கிறது என்று ஒருநாளும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.